கிளட்ச்சை எப்போது பிடிப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் தங்கி வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சேலம். 150 சிசி வண்டி வைத்திருக்கிறேன், லீவு கிடைத்தால் அதிலேயே ஊருக்குப் போவேன். சிக்னலைப் பார்த்ததும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கை மிதிப்பது என் பழக்கம். கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், 'கியரைக் குறைத்தே நிறுத்து, பிரேக்கே வேண்டாம்' என்கிறார். இன்னொருவர், அப்படிச் செய்தால் என்ஜின் போய்விடும் என்கிறார். எது சரி?

பதில்: தம்பி, வண்டியை நிறுத்துவது பிரேக்தான். வேகம் குறைய ஒத்தாசை செய்வது என்ஜின். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டதும் என்ஜினுக்குக் காற்று போகும் வழி கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்க முடியாமல் திணறுகிறது. அந்தத் திணறல்தான் செயின் வழியாகப் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. நீங்கள் முதல் வேலையாகக் கிளட்ச்சைப் பிடித்தால் அந்த உதவி அங்கேயே போய்விடுகிறது. அதுபோக, வேகம் குறையும்போது பாரம் முழுக்க முன்னால் சாயும், முன் சக்கரம்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க நிறைய தூரம் எடுக்கும்.

நாலாவது கியரில் 60-ல் போகிறீர்கள், தூரத்தில் சிவப்பு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை விடுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், இரண்டு விரலால் மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக அழுத்தத்தைக் கூட்டுங்கள். பின் பிரேக்கை லேசாக மிதியுங்கள். வேகம் இறங்க இறங்க ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். கடைசியில் என்ஜின் உதற ஆரம்பிக்கும்போது கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியருக்கு வந்து நில்லுங்கள்.

யாராவது திடீரென்று குறுக்கே வந்தால் கியரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. இரண்டு பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே நேரத்தில்.

அந்த அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். கியரை மட்டும் குறைத்தால் பிரேக் லைட் எரியாது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஆட்டோக்காரருக்கு நீங்கள் வேகம் குறைப்பது எப்படித் தெரியும்? பிரேக்கை லேசாகத் தொட்டாலும் போதும், லைட் எரியும்.

என்ஜின் கெடுமா? முறையாகக் குறைத்தால் கெடாது. நாலாவதிலிருந்து நேரே முதல் கியருக்குத் தள்ளி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால்தான் என்ஜின் அலறும், பின் சக்கரம் குதிக்கும். மழையில் அது இன்னும் ஆபத்து. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் கரைந்து வழுக்கும், அந்த நேரத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று இருக்காதீர்கள். 150 சிசி வண்டிகள் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். இரண்டு சக்கரத்துக்கும் இருந்தாலும் அது பிரேக்கைத்தான் விடுவிக்கும், என்ஜின் பிடியை விடுவிக்காது.

ஊருக்குப் போகும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வருமே, என் கவலையெல்லாம் அங்கேதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், டிரம் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்காக இருந்தால், பழைய பிரேக் ஆயில் கொதித்து லீவர் பஞ்சு போல் உள்ளே போகும். மூன்றாவது கியரில் இறங்கி, வேகம் கூடும்போது மட்டும் பிரேக் பிடித்து விடுங்கள். மிச்சமும் இதில்தான்: கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் இப்போதைய எஃப்ஐ வண்டிகள் பலவற்றில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது குடிக்கும்.

கேள்வி: கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜினே வேகத்தைக் குறைப்பது நடக்குமா? (வாசகி, சிவாஜிநகர்)

பதில்: கொஞ்சம் நடக்கும் அம்மா. வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்புறம் பிரேக் மட்டும்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இடது லீவரே முன் பிரேக்கையும் கொஞ்சம் பிடிக்கும். அது போதாது, வலது லீவரையும் சேர்த்துப் பிடியுங்கள்.