வாரம் 300 ரூபாயை எங்கே போட்டு வைப்பது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். சனிக்கிழமை சம்பளத்தில் வாரம் 300 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். முந்தைய கம்பெனியில் திறந்து கொடுத்த பேங்க் கணக்கில் போட்டால், மினிமம் பேலன்ஸ் இல்லையென்று பிடித்துக்கொள்கிறார்கள். எந்தக் கணக்கில் போடலாம்?

பதில்: முதலில் அந்தப் பழைய கணக்கை முடித்துவிடலாம். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராமல் நின்றால், அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸ் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே கிளையில் "அடிப்படை சேமிப்புக் கணக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கியும் தர வேண்டிய கணக்கு அது. மினிமம் பேலன்ஸ் கிடையாது. மாதம் 4 முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஒரே வங்கியில் இதையும் வேறு சேமிப்புக் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

எங்கே வட்டி அதிகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 300 என்றால் வருஷத்துக்கு 15,600. ஆனால் பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால், சராசரியாக 7,800 ரூபாய்க்குத்தான் வட்டி ஓடும். ஒரு சதவீதம் கூடக் கிடைத்தால் வருஷத்துக்கு 78 ரூபாய். அபராதம் ஒரு தடவை பிடித்தாலே அது போய்விடும். அதனால் உங்கள் தொகைக்கு வட்டியை விட, பிடித்தம் இல்லாததும் நடந்து போகிற தூரத்தில் கிளை இருப்பதும்தான் முக்கியம்.

போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம் தருகிறார்களே என்பீர்கள். அங்கே 10ஆம் தேதி முடிந்து மாதக் கடைசி வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 10க்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளில் போடுவதற்கு அந்த மாதம் ஒன்றும் கிடைக்காது. வங்கியில் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுகிறார்கள். வாரக்கூலிக்காரர்களுக்கு அது தோது.

போஸ்ட் ஆபீஸில் உங்களுக்கு ஏற்றது ஆர்.டி.தான், அதாவது மாதா மாதம் ஒரே தொகையை 5 வருஷம் கட்டிவரும் தொடர் வைப்புக் கணக்கு. வாரா வாரம் வங்கியில் சேர்த்து, மாதம் ஒருமுறை 1,000 ரூபாயை அதில் கட்டுங்கள். 2023 அக்டோபரில் இருந்து வட்டி 6.7 சதவீதம். பிறகு குறைத்தாலும், தொடங்கிய நாளின் வட்டியே 5 வருஷமும் ஓடும். 60,000 கட்டினால் 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். வங்கியில் வருஷத்துக்கு 3,600 மிஞ்சும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் கைமாத்துக்கு அலைய வேண்டாம்.

ஒரு சின்ன சூட்சுமம்: கணக்கை 16ஆம் தேதிக்கு மேல் தொடங்குங்கள். 15க்குள் தொடங்கினால் மாதா மாதம் 15க்குள் கட்டியாக வேண்டும். தள்ளித் தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு, நாலு சனிக்கிழமைச் சம்பளமும் கைக்கு வந்திருக்கும். தவறினால் 100க்கு 1 ரூபாய் அபராதம். 4 மாதம் விட்டால் கணக்கு நின்றுபோகும், 2 மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். 12 தவணை கட்டியபின் அவசரமென்றால் கட்டியதில் பாதி வரை கடன் வாங்கலாம். 3 வருஷத்துக்குப் பிறகு இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும், அதைவிடக் கடன் வாங்குவது மேல்.

ஷிப்ட் நேரத்தில் போஸ்ட் ஆபீஸ் போக முடியாதுங்க என்றால், வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் மகளிர் ஏஜென்ட் இருக்கிறார்கள். கமிஷனை அரசே கொடுக்கிறது, நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டாம். தெரிந்த அக்காதானே என்று விட்டுவிடாமல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கை வாங்கி, கட்டிய தவணையெல்லாம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.