தவறிப்போகும் வியாழக்கிழமை

கேள்வி: எனக்கு 24 வயது. எடை 58 கிலோ. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். அங்கே தந்த அட்டவணைப்படி திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை. ஆனால் கிழமைக்கு மூன்று நாள்தான் போக முடிகிறது. வியாழன் பெரும்பாலும் தவறிவிடும். பலமும் கூடவில்லை, உடம்பும் வைக்கவில்லை. வேறு அட்டவணைக்கு மாறவா?
- வாசகர் ஒருவர், கொழும்பு 6

பதில்: மாறுங்கள் தம்பி. அந்த அட்டவணை, பல வருடம் பளு தூக்கிப் பழகி, ஐந்து நாளும் தவறாமல் வருபவருக்குச் சரிவரும். நீங்கள் காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மாட்டிக்கொண்டால், காலுக்கு அடுத்த வியாழன்வரை விடுமுறை. (கால் நாள் தவறுவதில் உள்ளூர ஒரு சந்தோசமும் இருக்கும், தெரியும்.)

ஒரு தடவை பயிற்சி செய்தால் தசை வளர்கிற வேகம் ஒன்றிரண்டு நாள்தான் கூடியிருக்கும். அப்புறம் அது சும்மாதான் இருக்கிறது. ஆகவே மூன்று நாளும் முழு உடம்புக்கும் செய்யுங்கள். ஒரு நாள் ஸ்குவாட் (பார்பெல் என்ற எடைக்கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது), பெஞ்ச் பிரஸ் (வாங்கில் மல்லாந்து படுத்து அதை மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று அதை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், டெட்லிஃப்ட் (நிலத்தில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்வது). இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு ஐந்து முதல் எட்டுத் தடவை. டெட்லிஃப்டுக்கு மட்டும் ஒரு செட் போதும். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் தவறினாலும் கால் பட்டினி கிடக்காது.

வயது, எடை, கிழமை எல்லாம் எழுதிய நீங்கள், எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம். முதல் மாதம் தூக்கிய எடையையே இன்றும் தூக்கினால், தசை எதற்காக வளர வேண்டும்? ஊர்க் கணக்கெல்லாம் எழுதுகிற கை, ஒரு கொப்பியில் இதையும் எழுதட்டும். வெறும் பார்பெல்லே பெரும்பாலும் 20 கிலோ இருக்கும். அதில் தொடங்கி, எல்லாச் செட்டும் ஒழுங்காக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். ஒரே எடையில் மூன்று தடவை தடுக்கினால் பத்திலொரு பங்கு குறைத்துத் திரும்ப ஏறுங்கள். இடுப்போ தோளோ சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

சாப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 கிராம் புரதம் தேவை. மதியம் ஒரு சோற்றுப் பார்சலும் அதில் ஒரு துண்டு மீனும் அதற்குக் காணாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. உலர்ந்த சோயாமீற்றில் எடையில் பாதியளவு புரதம், விலையும் பெரிதில்லை. ரின்மீன், பருப்பு, அவித்த கடலை எல்லாம் கணக்கில் சேரும். புரத மா டப்பாவுக்குச் சம்பளத்தைக் கொட்ட வேண்டாம். மாதம் ஒரு கிலோ கூடினாலே நல்லது.

கைக்குத் தனியாக ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். சரி, வெள்ளிக்கிழமை கடைசியில் இரண்டு செட் கேர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) செய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.