மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்: அறுவை சிகிச்சை பி.ஏ. ரெசிடென்சி, கேள்வி பதில்

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.ஏ., படித்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலைக்குப் போகும் முன் ஒரு வருஷம் ரெசிடென்சி, அதாவது சம்பளத்தோடு மருத்துவமனைப் பயிற்சி, செய்ய வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைச் செய்தவள். இப்போது நியூயார்க் மாநிலத்தில் இதய அறுவைப் பிரிவில் பன்னிரண்டாவது வருஷம் ஓடுகிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டல்லாஸிலிருந்து ஒரு தம்பி: அக்கா, பி.ஏ. என்றால் டாக்டருக்கு உதவியாள்தானே? உதவியாளுக்கு எதற்கு ரெசிடென்சி?

என் அம்மாவும் ஊரில் "பொண்ணு டாக்டருக்கு ஹெல்ப் பண்றா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்துவதை விட்டுவிட்டேன்.

நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது, அறுவை அரங்கில் சர்ஜனுக்கு எதிர்ப்பக்கம் நின்று முதல் உதவியாளராக வேலை செய்வது எல்லாமே பி.ஏ.வின் வேலை. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர் கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நான்கு பேரை வைத்து இந்தப் படிப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபரில் மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள்.

இன்றைக்கு அது முதுகலைப் படிப்பு, சுமார் 27 மாதம். அதில் பாதி வகுப்பறை, பாதி மருத்துவமனை. அந்த மருத்துவமனைப் பாதியில் அறுவை சிகிச்சைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களிலும் பெரும்பாலும் வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அப்புறம் 300 கேள்விகள் கொண்ட பான்ஸ் (PANCE) என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, திங்கட்கிழமை காலை விபத்துக் காயங்களைப் பார்க்கும் ட்ராமா பிரிவில் போய் நின்றால் என்ன ஆகும்? கை நடுங்கும். ரெசிடென்சி அந்த நடுக்கத்துக்கு.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி, ஹூஸ்டன்: டாக்டர்களுக்கு மாதிரி இது கட்டாயமா? எவ்வளவு காலம்?

கட்டாயமில்லை. பெரும்பாலான பி.ஏ.க்கள் செய்வதே இல்லை. டாக்டர்களுக்குப் பொது அறுவை சிகிச்சை என்றால் ஐந்து வருஷம். நமக்கு வழக்கமாக 12 மாதம், சில இடங்களில் 18. முடித்தால் தனி உரிமமோ புதுப் பட்டமோ கிடையாது. ஒரு சான்றிதழ் தருவார்கள், அவ்வளவுதான். நாளைக்கே தோல் மருத்துவத்துக்கு மாற வேண்டும் என்றால் பி.ஏ. மாறிக்கொள்ளலாம். டாக்டருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அப்பா: மேடம், என் மகள் இதைச் செய்யப்போகிறேன் என்கிறாள். சம்பளம் பாதிதான் என்று கேள்விப்பட்டேன். மருத்துவமனைகள் குறைந்த காசில் ஆள் பிடிக்கிற வழியா இது?

சார், சந்தேகம் நியாயமானது. பாதிக்கு மேல் உண்மையும்கூட.

இதன் வரலாற்றைப் பார்த்தால் புரியும். 1971இல் நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையில்தான் பி.ஏ.க்களுக்கான முதல் அறுவை சிகிச்சை ரெசிடென்சி தொடங்கியது. அறுவைப் பிரிவில் வார்டைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி மருத்துவர்கள் போதவில்லை என்பது அன்றைய நிலைமை. 70களின் நடுவில் கனெக்டிகட்டில் நார்வாக் மருத்துவமனையும் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒன்றைத் தொடங்கின. பிறகு 1984இல் லிபி சையன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். தூக்கமில்லாமல் வேலை பார்க்கும் பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய பெரிய விவாதமாக அது வெடித்தது. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003 ஜூலையில் நாடு முழுக்க அந்த வரம்பு வந்தது. டாக்டர்கள் வீட்டுக்குப் போன பிறகு வார்டில் யார் நிற்பது? அங்கேதான் நாம் உள்ளே வந்தோம்.

ஆக, மருத்துவமனைக்கு நாம் தேவை என்பதால் பிறந்த ஏற்பாடு இது. நமக்கும் லாபமா என்பது தனிக் கேள்வி. 2023 கணக்கில் அமெரிக்க பி.ஏ.க்களின் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலர். ரெசிடென்சியில் பெரும்பாலும் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான். மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் இன்னும் மோசம், நான் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். படிப்புக் கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருப்பது இங்கே சாதாரணம், வட்டியும் ஓடும்.

உங்கள் மகள் இதயம், ட்ராமா, தீவிர சிகிச்சை, உறுப்பு மாற்று என்று போகப்போகிறார் என்றால் அந்த ஒரு வருஷ நஷ்டம் திரும்பி வரும். மூட்டு மாற்று செய்யும் நல்ல ஆர்த்தோ குழுவில், கற்றுத்தரும் மனசுள்ள சர்ஜன் ஒருவரிடம் நேரடி வேலை கிடைக்கிறதா? ரெசிடென்சியை விட்டுவிடச் சொல்லுங்கள். நல்ல குரு கிடைத்தால் முழுச் சம்பளத்தோடு அதே படிப்புதான்.

பாஸ்டன், பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிகாலை நாலே முக்காலுக்கு இரவு ஷிஃப்ட்காரரிடமிருந்து பட்டியல் வாங்குவேன். ஐந்தரைக்குள் பதினான்கு நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ், ஏழரைக்கு முதல் கத்தி. மாலை ஆறு என்பது பேச்சுக்கு, எட்டுதான் நிஜம். நான்கு நாளைக்கு ஒருமுறை இரவு டியூட்டி. பல ரெசிடென்சித் திட்டங்கள் அந்த 80 மணி வரம்பை நமக்கும் கடைப்பிடிக்கின்றன. ஆனால் அது டாக்டர்களுக்காகப் போட்ட விதி, நமக்குச் சட்டப்படி கிடையாது. சேரும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே பாஸ்டன்காரர்: ஒரு வருஷத்தில் நிஜமாக என்னதான் கற்றுக்கொண்டீர்கள்? தையலா?

தையல் மூன்றே மாதத்தில் வந்துவிடும். சமையலறை டிராயர் கைப்பிடியில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுப் போட்டு, அந்தக் கைப்பிடியே தெரியாத அளவுக்கு நூல் தொங்கும். என் கணவர் கரண்டி எடுக்கும்போதெல்லாம் திட்டுவார்.

மற்றது ஒரு ராத்திரியில் வந்தது. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி இணைத்திருந்த ஒரு முதியவர், அறுவை முடிந்து நாலாவது நாள். ராத்திரி ஒரு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார்: நாடித்துடிப்பு 118. போய்ப் பார்த்தேன். லேசான காய்ச்சல், சிறுநீர் கொஞ்சம் குறைவு. வயிற்றைத் தொட்டால் புதிதாகத் தையல் போட்டவருக்கு வலிக்கிற அளவுதான் வலித்தது. "நல்லாத்தான் இருக்கேன்மா" என்கிற பாவனையில் சிரித்தார். நீர்ச்சத்து போதவில்லை என்று முடிவு செய்து ஒரு லிட்டர் சலைன் ஏற்றினேன். துடிப்பு 110க்கு இறங்கியது. எனக்கு நிம்மதி. மூன்று மணிக்கு மறுபடி 120. இன்னொரு அரை லிட்டர். பயிற்சி மருத்துவர்களில் மூத்தவரான சீஃப் ரெசிடென்டை எழுப்பலாமா என்று போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இதற்குப் போய்த் தூக்கத்தைக் கெடுப்பதா என்று ஒரு கூச்சம்.

காலை ஐந்து மணிக்கு சீஃப் ரெசிடென்ட் வந்து பட்டியலைப் பார்த்தார். திட்டவில்லை. "118 எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். குடல் இணைப்பில் கசிவு. ஏழு மணிக்கு அந்த முதியவர் மறுபடியும் மேசையில். பிழைத்துவிட்டார், ஆனால் மூன்று வாரம் கூடுதலாகக் கிடந்தார். அந்த நான்கு மணி நேரம் என்னுடையது.

குடலைத் தைத்த பிறகு மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாள் வரை காரணம் தெரியாமல் நாடி ஓடினால், கசிவு இல்லை என்று காட்டும் வரை கசிவு என்றே நினை என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நானும் தேர்வில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அந்த ராத்திரிக்குப் பிறகு நான் யாரையும் எழுப்பத் தயங்கியதில்லை. இதைக் கற்றுக்கொள்ளும்போது மேலே ஒருவர் இருந்தார், ஐந்து மணிக்கு வந்து பார்த்தார். முதல் வேலையிலேயே தனியாக இருந்திருந்தால்? ரெசிடென்சிக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தேன் என்றால் இதற்காகத்தான் கொடுத்தேன்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு தங்கை: இதயப் பிரிவில் பி.ஏ. கால் நரம்பை எடுப்பார் என்கிறார்கள். அது என்ன?

பேச்சு வழக்கில் நரம்பு, சரியாகச் சொன்னால் சிரை. பைபாஸ் அறுவையில் சர்ஜன் மார்பைத் திறக்கும் அதே நேரத்தில், இதயத்தில் மாற்றுப் பாதையாகத் தைப்பதற்கு, பி.ஏ. நோயாளியின் காலிலிருந்து சஃபீனஸ் சிரையை எடுக்கிறார். முன்பெல்லாம் கணுக்காலிலிருந்து தொடை வரை நீளமாகக் கீறுவார்கள். நெஞ்சு ஆறிய பிறகும் கால் ஆறாமல் அவதிப்பட்டவர்கள் ஏராளம். இப்போது முழங்கால் உட்பக்கத்தில் இரண்டு செ.மீ. வெட்டு, அதன் வழியாக ஒரு கேமரா. கரியமில வாயுவை உள்ளே விட்டுத் தோலுக்கடியில் ஒரு சுரங்கம் மாதிரி திறக்க வேண்டும். கூம்பு முனையால் சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பை மெல்ல ஒதுக்கிக்கொண்டே போனால் திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு குழாயும் பக்கத்தில் கிளைகளும் தெரியும். ஒவ்வொரு கிளையையும் தாய்க்குழாயிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சுட்டு அறுக்க வேண்டும். ஒட்டிச் சுட்டால் சுவர் வெந்துபோகும்.

வெளியே எடுத்த பிறகுதான் புதியவர்கள் தவறுவார்கள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே திரவத்தைச் செலுத்தும்போது சிரிஞ்சை ஆவேசமாக அழுத்தினால் உட்சுவர் சிதைந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பின்னாளில் அடைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சிரைக்குள் வால்வுகள் உண்டு, அதனால் தலைகீழாகத்தான் தைக்க வேண்டும். எந்த முனை எது என்று குறி வைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: நான் இங்கே பி.எஸ்ஸி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன். நேராக அமெரிக்க ரெசிடென்சியில் சேரலாமா அக்கா?

முடியாது தம்பி. ஏஜென்ட் யாராவது முடியும் என்றால் பணம் கொடுக்காதீர்கள். ரெசிடென்சியில் சேர உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பான்ஸ் வேண்டும், பான்ஸ் எழுத அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.ஏ. பள்ளியில் படித்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. அந்தப் பள்ளிகளிலும் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதில்லை.

ஆனால் உங்கள் படிப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். இந்தியாவில் இந்தப் படிப்பே 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், டாக்டர் கே.எம். செரியன் முன்னின்று, இதய அறுவைக்கு ஆள் வேண்டும் என்றுதான் தொடங்கியது. 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் இந்தத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது. முதலில் அங்கேயே ஒரு நல்ல இதய அறுவைப் பிரிவில் சேரப் பாருங்கள்.

சிகாகோ: என் தம்பி ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவன். இங்கே மேட்ச் ஆகவில்லை, அதாவது டாக்டர் ரெசிடென்சி இடம் கிடைக்கவில்லை. பி.ஏ.வாக மாறிவிடலாமா?

மேலே சொன்ன அதே பதில். எம்.பி.பி.எஸ். இருந்தாலும் பி.ஏ. பள்ளியில் முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

டொரொண்டோவிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, நான் இங்கை மக்மாஸ்டரில பி.ஏ. படிச்சனான். அமெரிக்காவில ரெசிடென்சி செய்யலாமோ?

கனடாவில் படித்தாலும் பான்ஸ் எழுத முடியாது தங்கச்சி, அந்தப் பள்ளிகளுக்கு அமெரிக்க அங்கீகாரம் இல்லை. உங்கள் ஊர் மருத்துவமனைகளிலேயே அறுவைப் பிரிவு வேலைகளைத் தேடிப் பாருங்கோ.

ஹூஸ்டன் மாணவி மறுபடியும்: நல்ல ரெசிடென்சி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கீகாரம் பார்த்தால் போதுமா?

போதாது. ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் என்பது விருப்பம்தான். அந்த ஏற்பாட்டையே 2014இல் நிறுத்தி வைத்து, சில வருஷம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கினார்கள். அங்கீகாரம் இல்லாத நல்ல இடங்களும் உண்டு.

நேர்முகத்துக்குப் போனால் இயக்குநரிடம் பேசுவதைவிட இப்போது படிக்கிற ரெசிடென்டைத் தனியாக ஒரு காபிக்கு அழையுங்கள். "போன வாரம் எத்தனை நாள் அறுவை அரங்கில் இருந்தீர்கள்? அதில் எத்தனை தடவை கையில் ஊசி வந்தது?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அந்த இடத்தில் டிஸ்சார்ஜ் தாள்தான் எழுதுவீர்கள். டாக்டர் ரெசிடென்ட்களும் இருக்கிற இடமென்றால் ஒரே கேஸுக்கு இருவரும் வந்தால் யார் ஸ்க்ரப் செய்வது, அதாவது கை கழுவி மேசையில் நிற்பது, என்பதையும் கேட்டுவிடுங்கள். நான் நேர்முகத்துக்குப் போன ஓர் இடத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். நான் அங்கே சேரவில்லை.

சேர்ந்த முதல் நாளிலிருந்து செய்தவற்றை எழுதி வையுங்கள்: மத்தியச் சிரைக் குழாய் (பெரிய சிரைக்குள் விடுவது) போட்டது எத்தனை, மார்புக் குழாய் போட்டது எத்தனை, சிரை எடுத்தது எத்தனை. அடுத்த மருத்துவமனை இவற்றைச் செய்ய உங்களுக்கு அனுமதி தரும்போது அந்த எண்ணிக்கையைத்தான் கேட்கும். நினைவிலிருந்து சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஃபீனிக்ஸ்: கைக்குழந்தை இருக்கிறது. முடியுமா?

முடித்தவர்களைத் தெரியும். எல்லோர் வீட்டிலும் அம்மாவோ மாமியாரோ விசாவில் வந்து ஆறு மாதம் இருந்தார்கள். அந்த ஆள் பலம் இல்லையென்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள், ரெசிடென்சி எங்கேயும் ஓடிவிடாது.

சான் ஹோசேயிலிருந்து ஒரு அண்ணன்: இது வேறு கேள்வி. அப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ். மார்பை மூடித் தைப்பது பி.ஏ.வாக இருக்கலாம் என்று படிவத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம் அண்ணா. ஒரு வருஷத்தில் சில நூறு தடவை அதையே செய்கிற கை அது. பல இடங்களில் சர்ஜன் எலும்புக்குக் கம்பி போட்டு இறுக்கும் வரை நிற்பார், அதற்கு மேலுள்ள அடுக்குகளை நாங்கள் தைப்போம். தயங்காமல் கேளுங்கள்: "யார் தைப்பார்? அவர் இங்கே எத்தனை வருஷம்? அப்பாவின் எந்தக் காலிலிருந்து எடுப்பார்?" முன்பே ஒரு காலில் சிரைச் சுருட்டலுக்கு (வெரிகோஸ்) அறுவை செய்திருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் படுக்க வைத்த பிறகு அந்தத் தழும்பைப் பார்த்து நாங்கள் முழிக்கிற நாட்கள் உண்டு.

கடைசியாக, ஒரு பதினெட்டு வயதுப் பெண்: நான் இடதுகைக்காரி. அறுவைப் பிரிவு சரிவருமா அக்கா?

வரும். ஊசி பிடிக்கும் கருவியின் பூட்டு வலதுகைக்கென்று செய்தது, இடது கையில் திறக்க முதலில் மல்லுக்கட்டும். உள்ளங்கையால் தள்ளித் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் வந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு இடதுகைக்காரர் இருக்கிறார். சர்ஜனுக்கு எதிரே அவர் நின்றால் இருவர் முழங்கையும் இடிப்பதே இல்லை. என்னோடு இடிக்கும்.