தோட்டா சந்தேகங்கள்: இந்த வாரம் வந்தவை

ஷாட்கன் சோக்கை (பேரல் முனையில ரவை போற வழிய இறுக்குற பகுதி) மாத்தினா ரவை போற தூரம் கூடுமா சார்? (அம்பத்தூர்)

ரவை, அதாவது தோட்டாவுக்குள்ள இருக்க சின்ன குண்டுங்க, பரவுறது குறையும், அவ்ளோதான். 40 கெஜத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள ஃபுல் சோக்ல (ரொம்ப இறுக்கமானது) சுமாரா 70 பர்சென்ட் ரவை விழும், சிலிண்டர்ல (இறுக்கமே இல்லாதது) 40. பேப்பர் ஒட்டி சுட்டு எண்ணிப் பாருங்க, சுடுற பயிற்சி மைதானத்துல மட்டும்.

டிராப் மேட்சுக்கு (பறக்குற களிமண் தட்டை சுடுற போட்டி) 28 கிராம் ரவை இருக்க தோட்டா எடுத்துட்டுப் போலாமா?

24 தான். ரூல் புக்க ஒரு தடவ திறங்களேன்.

தோட்டாவ கையால மாத்தி அமைச்சா 100 மீட்டர் அடிக்குமாமே, வீடியோல பாத்தேன். எப்படின்னு சொல்லுங்க. (பேர் போடலையே தம்பி)

சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒருத்தர் இதையே கேக்குறாங்க, எரிச்சலா வருது. சின்ன உருண்டை ரவைக்கு காத்தை கிழிச்சிட்டுப் போற தெம்பு கிடையாது, கிளம்புறப்போ வேகமா இருக்கும், 35, 40 கெஜம் தாண்டினா வேகமும் போயிடும் ரவையும் சிதறிடும், அதை எவன் கை வெச்சாலும் மாத்த முடியாது. ஆனா வலு போனதும் ஆபத்தும் போச்சுன்னு நெனைக்காதீங்க, 7½ நம்பர்னு சொல்ற சின்ன ரவையே 200 கெஜம் வரைக்கும் போய் விழும், அங்க ஒருத்தர் அண்ணாந்து பாத்துட்டு நின்னா கண்ணு போச்சு. கை வெச்ச தோட்டாவுல பிரஷர் எவ்ளோ ஏறும்னு அந்த வீடியோக்காரனுக்கே தெரியாது. பேரலுக்குள்ள எதாவது சிக்கினா அது வாழைப்பூ மாதிரி விரியும், அதுக்குப் பக்கத்துல இருக்கிறது உங்க இடது கை. லைசென்ஸ் இல்லாம தோட்டா செஞ்சா ஆயுதச் சட்டத்துல குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போலாம். நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்க தாத்தா கதையெல்லாம் ஸ்டேஷன்ல எடுபடாது.

12 போர், 20 போர் (பேரல் அகலத்தோட அளவு, 20 சின்னது) தோட்டா ரெண்டையும் ஒரே பையில வெக்கலாமா? (தாம்பரம்)

கூடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பர்ல (தோட்டா போடுற அறை) வழுக்கி உள்ள போய் பேரல்ல மாட்டிக்கும், காலின்னு நெனச்சு பின்னாடியே இன்னொண்ணு போட்டு அடிப்பீங்க. 20 போர் தோட்டாவ மஞ்சள் கலர்ல செய்றதே இந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான். ஒவ்வொரு தடவையும் கன்னை மடக்கி பேரலுக்குள்ள பாருங்க, பாருங்க, பாருங்க.

மழைக்காலத்துல தோட்டாவோட பித்தளை அடிப்பக்கத்துல பச்சை பூத்துடுச்சு, சுடலாமா? (வேளச்சேரி)

வேணாம், நம்ம ஊர் ஈரம் அப்படி. லைசென்ஸ் எடுத்துட்டுப் போய் டீலர்கிட்ட பேசுங்க. குப்பைத்தொட்டியில போட்டுடாதீங்க, கார்ப்பரேஷன்காரர் குப்பைய கொளுத்தினா தெரியும் சேதி.