போலீஸ் விளக்கைக் கண்டு கை நடுங்கினால்

தம்பி, கலிபோர்னியாவுக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருக்கும் உங்களை, இரவு 11 மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, கை நடுங்குவதைப் பார்த்துக் "குடித்திருக்கிறீர்களா" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொட்டும் குடிக்காதவர்மீது வெறும் பயத்தாலேயே டி.யு.ஐ. (போதையில் வண்டி ஓட்டிய குற்றம்) வழக்கு வருமா என்பது உங்கள் கேள்வி. பயம் மட்டுமே குற்றமாகாது; ஆனால் பயந்தவர் செய்வதில் பாதி, குடித்தவர் செய்வதைப் போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

நானும் வந்த புதிதில் இப்படி மாட்டினேன். பின்னால் விளக்கு சுழன்றதும், நம் ஊரில் செய்வதைப் போலக் காரைவிட்டு இறங்கி, அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு போலீஸ்காரரை நோக்கி நடந்தேன். இங்கே அது மிரட்டலாகப் படும் என்பது, அவர் உள்ளே போகச் சொல்லிக் கத்தியபோதுதான் தெரிந்தது. பிறகு நாக்கு உலர்ந்து வார்த்தை குழறியது. இன்சூரன்ஸ் அட்டையைக் கேட்டதற்குப் பெட்ரோல் பங்க் ரசீதை நீட்டினேன். கண்களோ நாள் முழுதும் கணினியைப் பார்த்துச் சிவந்திருந்தன.

அடுத்து, சாலையோரத்தில் நடக்கச் சொன்னார். ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி 9 அடி வைத்து, திரும்பி, மீண்டும் 9 அடி வைக்க வேண்டும். இதில் கவனிக்கும் தவறுகள் 8. அவற்றில் 2 தென்பட்டாலே சந்தேகம் வலுக்கும். தொடங்கச் சொல்வதற்கு முன்பே நடக்கத் தொடங்குவது ஒரு தவறு, சமநிலைக்காகக் கையை உயர்த்துவது இன்னொன்று. அவர் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது என்றாலும் "எஸ், எஸ்" என்று சொல்லி உடனே நடந்த நான், தேநீரைத் தவிர வேறெதுவும் குடிக்காமலே தோற்றேன். தலையை அசைக்காமல் பேனாவைக் கண்ணால் மட்டும் தொடரச் சொல்லும் சோதனையில் நம் தலையாட்டும் பழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஊதச் சொன்னார். பூஜ்யம் காட்டியதும் விட்டுவிட்டார்.

பூஜ்யம் காட்டினால் எப்போதும் விட்டுவிடுவார்கள் என்பதில்லை, போதைப்பொருளோ என்ற சந்தேகத்தில் இரத்தப் பரிசோதனைக்கும் போகலாம். இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதம் என்பது ஒரு வரம்புதான். அதற்குக் குறைவாக இருந்தாலும், ஓட்டும் திறன் மதுவால் குறைந்திருந்தது என்று தனியாக வழக்குப் போடச் சட்டத்தில் இடமுண்டு.

நான் வழக்கறிஞன் இல்லை, பட்டறிவில் சொல்கிறேன். காரை ஓரம் கட்டியதும் உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டீயரிங்மீது வைத்துக்கொண்டு, அவர் கேட்ட பிறகே காகிதங்களை எடுங்கள். பதற்றமாக இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவதில் தவறில்லை. முழங்கால் வலி, தூக்கக் குறைவு இருந்தால் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். புரியாத கட்டளையைத் திரும்பச் சொல்லக் கேளுங்கள். இங்கே சாலையோர நடைச் சோதனையைப் பணிவாக மறுக்கலாம், ஆனால் மறுத்த பிறகும் கைது செய்யலாம். சட்டப்படி கைது செய்தபின் கேட்கப்படும் மூச்சு அல்லது இரத்தப் பரிசோதனை வேறு: அதை மறுத்தால் முதல் முறையிலேயே லைசென்ஸ் ஓராண்டுக்குப் போய்விடும்.

எச்-1பி விசாவில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. தண்டனை கிடைக்காவிட்டாலும், கைதான செய்தியை வைத்தே அமெரிக்க வெளியுறவுத் துறை விசா முத்திரையை ரத்து செய்யலாம். உடனே நாட்டைவிட்டு அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் ஊருக்குப் போனவர் சென்னைத் துணைத் தூதரகத்தில் மறுபடி விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனையும் முடித்துத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அப்படிக் கைது ஏதும் நேர்ந்தால், லைசென்ஸ் பற்றிய விசாரணையைக் கைதான 10 நாளுக்குள் டி.எம்.வி.யில் (லைசென்ஸ் வழங்கும் மாநில வாகனத் துறை) கேட்டுவிட்டு, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.