கோழிக் கடை வேலை என்று ஒதுக்க வேண்டாம்

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் வணிகப் பிரிவு சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது கே.எஃப்.சி. பொரித்த கோழிக் கடையில் சேரப் போகிறேன் என்று நிற்கிறான், சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகட்டும், விடுங்கள். பெயர்தான் அமெரிக்காவினுடையது. இலங்கையில் 1995இலிருந்து அதை நடத்துவது நம் கார்கில்ஸ் நிறுவனம். சம்பளமும் பதவி உயர்வும் உள்ளூர் நிறுவனத்தின் கையில். கடைகள் பெருகப் பெருக முகாமையாளர்கள் வேண்டும். அவர்களில் பலர் உள்ளேயிருந்தே வருகிறார்கள். ஜப்பானில் 1970இல் திறந்த முதல் கே.எஃப்.சி. கடையின் முகாமையாளர் தக்கேஷி ஓகவாரா. 1984இல் அந்த நாட்டு நிறுவனத்துக்கே தலைவரானார்.

பொரிப்பது வேலையில் ஒரு பங்குதான். காலையில் குளிரூட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். முதலில் வந்த சரக்கை முதலில் எடுக்க வேண்டும். இரவில் எத்தனை துண்டு பொரித்தது, எத்தனை விற்றது, எத்தனை வீணானது என்று காசோடு ஒப்பிட வேண்டும். கணக்கியல் படித்த பிள்ளைக்கு இது நல்ல பயிற்சிக்களம். சிங்களமும் சரளமாகிவிடும். ஆனால் நின்றபடி வேலை, ஷிப்ட், தீபாவளியன்றும் லீவு நிச்சயமில்லை. அதை அவனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 1998இல் இங்கே வந்த மெக்டொனால்ட்ஸ், உள்ளூர்ப் பங்காளியோடு ஒப்பந்தம் முறிந்ததும் 2024 மார்ச்சில் எல்லாக் கடைகளையும் மூடியது. பெயர்ப்பலகை ஒரே நாளில் இறங்கலாம். அதனால் கடையை நம்பாமல் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்று அவன் கையில் இருக்க வேண்டும். வேலையில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.க்யூ. என்ற தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி, தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் உண்டு. கொள்ளுப்பிட்டி காலி வீதியிலுள்ள சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்திலும் பாடநெறிகளை விசாரியுங்கள். வளைகுடாவில் இதே சங்கிலிக் கடைகளுக்கு ஆள் எடுக்கும்போதும் அனுபவத்தோடு சான்றிதழும் இருந்தால் பேரம் பேசலாம்.

சேரும் முன் நியமனக் கடிதத்தை நீங்களும் வாசியுங்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு அவனிடம் 8 வீதம் பிடித்து, நிறுவனம் 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு. தகுதிகாண் காலம் எவ்வளவு, மேற்பார்வையாளர் பயிற்சிக்கு எப்போது அனுப்புவார்கள் என்று நேர்முகத்தில் அவனே வாய் திறந்து கேட்கட்டும். பதில் மழுப்பலாக இருந்தால் கையெழுத்து வைக்காமல் என்னிடம் கூட்டி வாருங்கள்.