பொறாமைப்படாத பிரபுக்களா?

கேள்வி: பழைய பிரெஞ்சுப் பிரபுக் குடும்பங்களில் மனைவிக்குக் காதலன் இருந்தால் கணவன் கண்டும் காணாமல் இருந்துவிடுவானாம். பொறாமைப்படுவதையே அநாகரிகமாக நினைத்தார்களாம். அந்தப் பெருந்தன்மை இன்றைய மனிதர்களுக்கு ஏன் இல்லை?

பதில்: பெருந்தன்மை என்ற சொல்லை நீங்கள் தவறான ஆட்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல. பிரெஞ்சு அரசர்கள் வாழ்ந்த வெர்சாய் அரண்மனையைச் சுற்றி இருந்தவர்களிடமும் பாரிஸின் சில பெரிய வீடுகளிலும் அந்த வழக்கம் இருந்தது. சொந்த மனைவியைக் காதலிப்பதை வெளியே சொல்லக் கூச்சப்படும் கணவனை வைத்து 1735இல் பாரிஸில் ஒரு நாடகமே மேடையேறியது. அந்த நாடகம் அப்படிப்பட்ட மனப்போக்கைக் கண்டிக்க எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அரண்மனையை விட்டு வெளியே வாருங்கள். பிரித்தானி, பர்கண்டி, புரோவான்ஸ் என்று மாகாணங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த பிரபுக்கள்தான் தொகையில் அதிகம். அங்கே கல்யாணம் என்பது இரண்டு வீடுகளுக்கு நடுவே எழுதப்படும் பத்திரம். சீதனம் எவ்வளவு, எந்தத் தவணையில், விதவையானால் எந்த நிலத்தின் வருமானம் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் தேவாலயத்துக்குப் போவார்கள். பிரித்தானியில் பிரபுக் குடும்பத்துச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூத்த மகனுக்கு. மிச்சமுள்ள ஒரு பங்கைத்தான் மற்ற பிள்ளைகள் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கட்டிக்கொடுக்க முடியாத பெண்ணுக்குக் கன்னிமாடம். அங்கேயும் பணம் கட்ட வேண்டும் என்றாலும் கல்யாணச் சீதனத்தைவிடக் குறைவு.

காதல் இந்தப் பத்திரத்தைக் குலைத்துவிடக் கூடாது என்பதில் அரசனே காவல் நின்றான். 30 வயதுக்குட்பட்ட மகனோ 25 வயதுக்குட்பட்ட மகளோ பெற்றோர் சம்மதமின்றி மணந்தால் சொத்துரிமையைப் பறிக்கலாம் என்று இரண்டாம் ஆன்றி 1556இல் ஆணையிட்டார். 1579இன் புளுவா ஆணை இன்னும் கடுமையானது. 25 வயது நிரம்பாதவரை மயக்கி மணந்தவனுக்கு மரண தண்டனை என்றது. மனைவியின் கள்ள உறவு பற்றி நீதிமன்றத்தில் புகார் கொடுக்கக் கணவனுக்கு மட்டுமே உரிமை. கணவனின் கள்ள உறவுக்கு மனைவி வழக்குப் போட முடியாது. மனைவியின் குற்றம் உறுதியானால் அவளை இரண்டு ஆண்டு கன்னிமாடத்தில் அடைப்பார்கள். அதற்குள் கணவன் மனமிரங்கி அழைத்துக்கொள்ளலாம். அழைக்காவிட்டால் தலைமுடியை மழித்து ஆயுளுக்கும் அங்கேயே வைத்துவிடுவார்கள். சீதனத்தின் மீதும் அவளுக்கு உரிமை போய்விடும். இத்தனை ஆயுதம் கையிலிருக்கும் கணவன் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டால் அதைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு வீட்டைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டிய பொந்தார்லியே என்ற சிற்றூர். அங்கே மார்க்கி தெ மொன்னியே என்ற முதிய நீதித்துறைப் பிரபு இருந்தார். அவருடைய ஒரே மகள் வால்தாவோன் என்ற படைவீரனைக் காதலித்தாள். தகப்பன் அவன் மேல் மகளை மயக்கிய குற்றத்துக்கு வழக்குப் போட்டார். வருடக்கணக்கில் இழுத்த வழக்கில் கடைசியில் தோற்றார். மகள் தான் விரும்பியவனையே மணந்தாள். ஆத்திரம் அடங்காத கிழவர், புது வாரிசு பிறந்தால் மகளுக்குச் சொத்துப் போகாது என்று கணக்குப் போட்டு, 1771இல் இரண்டாம் தாரம் கட்டினார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பெண்ணுக்குப் பதினேழு. திஜோன் நகரில், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்த கணக்கு நீதிமன்றத்தின் தலைவர்களில் ஒருவரான ரூஃபேயின் மகள் அவள். சோஃபி என்ற பெயரில் இன்று உலகம் அவளை அறியும்.

1775இல் அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த ழூ கோட்டைக்கு ஒரு கைதி வந்தான். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் பெரும் பேச்சாளரான மிராபோதான் அவன். அடைத்தது அவனுடைய தகப்பனே. அந்தக் காலத்தில் ஒரு குடும்பத் தலைவன் அரசனிடம் முறையிட்டு, விசாரணையே இல்லாமல் மகனையோ மனைவியையோ பூட்டிவைக்க ஒரு முத்திரைக் கடிதம் வாங்கிவிடலாம். 'மனிதர்களின் நண்பன்' என்று புகழ்பெற்ற மிராபோவின் தகப்பன், மகனை மட்டுமல்ல, மனைவியையும் மகளையும்கூட அப்படி அடைத்துவைத்தவர்.

கோட்டைத் தளபதி முதலில் மிராபோவை ஊருக்குள் போய்வர விட்டார். சோஃபியைக் கண்டது அப்படித்தான். பிறகு தளபதி கெடுபிடி காட்டியதற்குக் காரணம் அவருக்கும் அவள் மேல் கண் இருந்ததுதான் என்பது மிராபோவின் குற்றச்சாட்டு. 1776 ஆகஸ்டில் சோஃபி இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறி எல்லை தாண்டினாள். இருவரும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தார்கள். அவன் புத்தகக் கடைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைப்பு நடத்தினான். 1777 மே மாதம் பொந்தார்லியே நீதிமன்றம் அவனுக்குத் தலை வெட்டும் தண்டனையும், அவளுக்கு ஆயுள் முழுவதும் அடைப்பும் விதித்தது. அதே மாதம் ஆம்ஸ்டர்டாமில் இருவரும் பிடிபட்டார்கள். அவன் வான்சென் கோட்டையில் மூன்றரை ஆண்டு கிடந்தான். அவளுக்கு 1778 ஜனவரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பிரித்துத் தாதியிடம் கொடுத்துவிட்டு, தாயை ழியான் நகரக் கன்னிமாடத்தில் அடைத்தார்கள். குழந்தை 1780இல் இறந்துபோனது. அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள் என்றுதான் உங்களைக் கேட்கிறேன்.

மிராபோவை நான் நாயகனாக்கவில்லை. விடுதலையான பிறகு 1781இல் ரகசியமாக ழியானுக்குப் போனவன், அவள் வேறொருவனிடம் பழகினாள் என்று சந்தேகப்பட்டுச் சண்டையிட்டான். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. 1783இல் சட்டப்படியான மனைவி எமிலி தன்னோடு வாழ வர வேண்டும் என்று எக்ஸ் நகர நீதிமன்றத்தில் வாதாடினான். அவள் பெரும் சொத்துக்கு வாரிசு. எதிர்த்தரப்பு வக்கீல் போர்த்தாலிஸ் சீண்டவும், எமிலி வழிதவறிய பழைய கதையை மன்றத்திலேயே போட்டு உடைத்தான். மனைவியை ஊரறியத் தூற்றியவன் அவளை எப்படித் திரும்பக் கேட்க முடியும் என்பது போர்த்தாலிஸின் வாதம். மிராபோ தோற்றான்.

அந்தப் போர்த்தாலிஸ்தான் 1804இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டத்தை எழுதியவர்களில் முக்கியமானவர். மனைவி ஒருமுறை தவறினாலே கணவன் விவாகரத்துக் கேட்கலாம். கணவன் ஆசைநாயகியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால்தான் மனைவி கேட்கலாம் என்றது அது. வீட்டில் கையும் களவுமாகப் பிடிபட்ட மனைவியைக் கணவன் கொன்றால் அது மன்னிக்கத்தக்கது என்று 1810இன் தண்டனைச் சட்டம் சொன்னது. அந்தப் பிரிவு 1975 வரை இருந்தது. பிரபுக்கள் போன பிறகும் அவர்களுடைய பொறாமை சட்டப் புத்தகத்தில் குடியிருந்தது.

மொன்னியே 1783இல் இறந்துபோனார். சோஃபி ழியானை விட்டுப் போகவில்லை. அவள் மறுமணம் செய்துகொள்ள இருந்தவரும் நோயில் இறந்துவிட, 1789 செப்டம்பரில், 35 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டாள். வான்சென் சிறையிலிருந்து மிராபோ அவளுக்கு எழுதிய கடிதங்களைக் காதல் இலக்கியம் என்று இன்றும் படிக்கிறார்கள். படித்த பிறகு மூலத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் போலீஸ் தலைவர் அவற்றை அனுமதித்தார். 1792இல் அவை அச்சேறியபோது, எடுத்துக் கொடுத்தது பாரிஸ் போலீஸின் ஆவணக் கட்டுதான்.